28 குதிரைகளும் ஒரு வாரண்டி புத்தகமும்

புதுக் கார் வாங்கினால் சாவியோடு ஒரு பையும் தருவார்கள். ஓனர் மேனுவல், ஃப்ரீ சர்வீஸ் கூப்பன், வாரண்டி புத்தகம் எல்லாம் அதற்குள் இருக்கும். பை நேராக டேஷ்போர்டுக்குள் போய்விடும். கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டி வீடு வந்து சேர்ந்த பிறகும் அதை யாரும் பிரிப்பதில்லை. ஏதாவது கோளாறு வந்தால்தான் பை வெளியே வரும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பலரும் முதன்முறையாகப் படிப்பது அன்றைக்குத்தான்.

திருநள்ளாற்றில் ஒரு வீட்டில் அந்தப் புத்தகத்தை ஐந்தாவது மாதமே எடுத்துப் படித்தார்கள். காரில் கோளாறு எதுவும் இல்லை. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டதுதான் காரணம்.

மகனுக்கு வயது 27. காரைக்காலில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. சிறு வயதிலிருந்து கார் பைத்தியம். ரேஸ் வீடியோ பார்த்து வளர்ந்தவர். வாங்கியிருப்பது ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் வைத்த ஹேட்ச்பேக். 120 குதிரைத் திறன். 7 வருட லோன். சம்பளம் மட்டும் போதாது என்று வங்கி சொன்னதால், இணை விண்ணப்பதாரராக அப்பா கையெழுத்துப் போட்டார். முன்பணத்தில் 2 லட்சம் ரூபாய் அப்பாவின் சேமிப்பு.

அப்பாவுக்கும் கார் புதிதல்ல. 30 வருடம் வாடகைக் கார் ஓட்டியவர். கும்பகோணத்தில் காலை 5 மணிக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார் கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று சுற்றி, கடைசியில் திருநள்ளாற்றில் இறக்கிவிடும் நவகிரக ரவுண்டுதான் அவர் பிழைப்பு. அம்பாசடரில் ஆரம்பித்து இண்டிகாவில் முடித்தார். முழங்கால் வலி வந்தபின் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போது மகனின் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து வருவதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

அந்தக் காருக்குத்தான் மகன் ‘ரீமேப்’ செய்ய ஆசைப்பட்டார். 30,000 ரூபாய் கொடுத்தால் போதும், இரண்டு மணி நேரத்தில் 120 குதிரைத் திறன் 148 ஆகிவிடும் என்று ஒரு ட்யூனர் சொல்லியிருந்தார். ஒரு நட்டுகூடக் கழற்ற வேண்டாம். லேப்டாப்பை மாட்டினால் வேலை முடிந்தது.

28 குதிரை கூடுதல். அதுவும் 30,000 ரூபாய்க்கு. கேட்பவர் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

அந்த 28 குதிரைகள் எங்கிருந்து வருகின்றன?

இன்றைய கார்களில் இன்ஜினை நடத்துவது இ.சி.யு. என்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் ஸ்பார்க் கொடுக்க வேண்டும், டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் அட்டவணைகளாக எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டவணையைத்தான் ‘மேப்’ என்கிறார்கள். அதைத் திருத்தி எழுதுவதுதான் ரீமேப். டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் அதற்கேற்ப மாற்றினால் இன்ஜின் அதிக சக்தி தரும்.

அப்படியென்றால் கம்பெனிக்காரர்களே ஏன் அதைச் செய்வதில்லை? இதைத்தான் மகனும் கேட்டார். “இதே இன்ஜின வேற மாடல்ல கூடுதல் பவர்ல விக்கிறாங்கப்பா. இதுல வேணும்னே அடக்கி வெச்சிருக்காங்க.”

அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே இன்ஜினை வெவ்வேறு திறனில் விற்பது உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால், சக்தி கூடிய மாடலுக்குப் பல நேரங்களில் கிளட்ச், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக் எல்லாமே வேறாக இருக்கும். கம்பெனி விட்டுவைக்கும் இடைவெளிக்கும் காரணம் உண்டு. அதே காரை ராஜஸ்தான் வெயிலிலும் ஓட்டுவார்கள், லடாக் குளிரிலும் ஓட்டுவார்கள். ஒருவர் ஆயிலை நேரத்துக்கு மாற்றுவார், இன்னொருவர் மறந்துவிடுவார். ஒரு பங்க்கில் நல்ல பெட்ரோல் கிடைக்கும், இன்னொன்றில் சுமாராக இருக்கும். இத்தனைக்கும் நடுவில் இன்ஜின் உடையாமல் ஓட வேண்டும். அதற்காகத்தான் கொஞ்சம் சக்தியைக் கையிருப்பாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் நெல்லை முழுக்க விற்றுவிடாமல் விதைநெல் எடுத்து வைப்பது போலத்தான்.

ரீமேப் செய்வது அந்தக் கையிருப்பை எடுத்துச் செலவழிப்பது. நல்ல ட்யூனர் என்றால் அளவோடு எடுப்பார். மோசமானவர் என்றால் மொத்தத்தையும் எடுத்துவிடுவார். சிலிண்டருக்குள் பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கும் ‘நாக்கிங்’ வந்தால் பிஸ்டனே சேதமாகலாம். இன்ஜின் தாங்கினாலும் அதன் பின்னால் இருக்கும் கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்க வேண்டும். ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் இவ்வளவுதான் முறுக்கு விசை தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 கியர் கொண்ட, உலர் கிளட்ச் வைத்த டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸுக்கு அது 250 நியூட்டன் மீட்டர். அதைத் தாண்டினால் உடனே உடைந்துவிடும் என்பதில்லை. ஆனால், அதற்குமேல் என்ன ஆனாலும் பொறுப்பு ஓட்டுபவருடையது.

மறைத்தால் தெரியாதா?

மகன் முடிவெடுக்க இருந்த நேரத்தில்தான் மயிலாடுதுறை நண்பரின் கதை வந்து சேர்ந்தது. அவரும் ரீமேப் செய்தவர். ஒரு வருடத்துக்கும் மேல் ஜோராக ஓட்டினார். பிறகு கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. அவர் செய்த முதல் காரியம், ட்யூனரிடம் போய் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றியது. இரண்டாவது காரியம், ஒன்றும் தெரியாதவர் போல சர்வீஸ் சென்டருக்குப் போனது.

அங்கே கம்ப்யூட்டரை மாட்டியதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. வாரண்டி கிளெய்ம் மறுக்கப்பட்டது. பில் 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

பழைய மேப்பை ஏற்றினால் தடயமே இருக்காது என்று நினைப்பவர்கள் நிறைய பேர். பல கார்களில் அப்படி இல்லை. சாஃப்ட்வேர் எத்தனை முறை எழுதப்பட்டது என்று சில இ.சி.யு.க்கள் எண்ணி வைத்துக்கொள்ளும். கம்பெனி எழுதிய எண்ணிக்கையும் காரில் இருக்கும் எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்றால் கேள்வி வரும். சாஃப்ட்வேர் அசலா என்று காட்டும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் காரின் பதிவில் ‘டி.டி.1’ என்ற குறி விழும். அதற்குப் பிறகு எந்த ஊர் டீலரிடம் போனாலும் இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டிக்கு அந்தக் குறி குறுக்கே நிற்கும்.

வீட்டுக்கு வந்து மகன் இந்தக் கதையைச் சொன்னபோது, அப்பா கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

“மேப் மாத்தினத அவன் சர்வீஸ்ல சொன்னானா?”

“சொன்னா கிளெய்ம் தர மாட்டாங்கப்பா.”

“அப்ப தெரிஞ்சுதான் மறைச்சிருக்கான்.”

“எல்லாரும் அப்படித்தாம்ப்பா பண்றாங்க.”

“எல்லாரையும் நான் கேக்கல தம்பி. உடைஞ்சா யார் காசு போவும்? அதத்தான் கேக்குறேன். அவன் காசு போவணும். கம்பெனி காசு போவட்டும்னு பாத்திருக்கான். கடைசில யார் காசு போச்சு?”

மகன் பதில் சொல்லவில்லை. அந்த 1 லட்சத்து 60 ஆயிரத்தைக் கட்டுவதற்கு நண்பரின் வீட்டில் நகையை அடகு வைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அப்பாவும் ஒருகாலத்தில் இன்ஜின் மாற்றியவர்தான்

மகனுக்கு ஒரு வாதம் மிச்சமிருந்தது. “நீங்க மட்டும் அம்பாசடர்ல பெட்ரோல் இன்ஜின எறக்கிட்டு டீசல் இன்ஜின் போட்டு ஓட்டலையா? அது மாடிஃபிகேஷன் இல்லையா?”

நியாயமான கேள்விதான். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் அம்பாசடர் வைத்திருந்தவர்கள் பலர் அதைச் செய்தார்கள். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை. டீசல் இன்ஜின் வாங்கிப் பொருத்தினால் வாடகை ஓட்டத்தில் நாலு காசு மிஞ்சும். அதற்கென்றே ஊருக்கு ஊர் மெக்கானிக்குகள் இருந்தார்கள்.

அப்பா கோபப்படவில்லை. “மாத்தினேன். இல்லேங்கல. அந்த வண்டி நான் வாங்குறப்பவே 12 வருஷம் ஓடின வண்டி. வாரண்டின்னு ஒரு பேச்சே கெடையாது. லோனும் கெடையாது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போயி, இன்ஜின் நம்பர ஆர்.சி.ல ஏத்திட்டுத்தான் ரோட்டுல எடுத்தேன். உடைஞ்சப்ப நானே அடியில படுத்துக் கழட்டினேன். எவன்கிட்டயும் போயி நிக்கல.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். “மாத்தறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். மாத்தாத டிரைவர் யாரு இருக்கான்? யார் பேர்ல மாத்துறோம், யார் காசுல மாத்துறோம், எழுதி வெச்சுட்டு மாத்துறோமா இல்ல ஒளிச்சு வெச்சு மாத்துறோமாங்கறதுதான் கேள்வி.”

யோசித்துப் பார்த்தால், ஊரில் நடக்கும் பெரும்பாலான கார் சண்டைகளின் மையம் இதுதான். மாடிஃபை செய்யலாமா கூடாதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். ஒரு கட்சிக்கு வாரண்டி என்பது பயந்தவர்கள் பிடித்துக்கொள்ளும் காகிதம். இன்னொரு கட்சிக்கு மாடிஃபை செய்பவர்கள் எல்லாம் பொறுப்பில்லாதவர்கள். உண்மையில் வாரண்டி என்பது ஒரு கூட்டு. நான் செய்த பொருளை நான் சொன்ன மாதிரி வைத்திருந்தால், உடையும்போது செலவை நான் ஏற்கிறேன் என்று கம்பெனி சொல்கிறது. பொருளை மாற்றிய நிமிடம் அந்தக் கூட்டாளி விலகிவிடுகிறார். அதற்குப் பிறகு மொத்தச் செலவும் தனி ஆள் செலவு. அதைத் தாங்க முடிந்தவருக்கு அதில் தப்பே இல்லை. தாங்க முடியாதவருக்கு, அந்த ஆபத்து வீட்டில் உள்ள மற்றவர்கள் தலையில் விழுகிறது.

வாரண்டியோடு வந்த வேகம்

வேகமும் வேண்டும், வாரண்டியும் வேண்டும் என்றால் வழியே இல்லையா? இருந்தது. அதுவும் நம் கோயம்புத்தூர்க்காரர்கள் செய்து காட்டினார்கள்.

கோவைக்கும் ரேஸுக்கும் உள்ள உறவு பழையது. செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, ரேஸ் கார்களை உருவாக்கிய கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். அதே ஊரில் ரேஸ் கார் இன்ஜின்களில் கை பழகிய நிறுவனம் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். டாடா மோட்டார்ஸ் அவர்களோடு கூட்டு சேர்ந்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்ற இரண்டு கார்களை இறக்கியது. சாதாரண டியாகோ பெட்ரோலுக்கு 85 குதிரைத் திறன். ஜே.டி.பி.க்கு டர்போ வைத்து 114. இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு விடவில்லை. சஸ்பென்ஷன், சக்கரம், டயர், கியர் விகிதம் என்று அதற்கு வேண்டியதையெல்லாம் சேர்த்து மாற்றினார்கள். டியாகோ ஜே.டி.பி.யின் ஆரம்ப விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். டாடா ஷோரூமிலேயே வாரண்டியோடு விற்றார்கள்.

ட்யூனர் செய்யும் வேலைதான். ஆனால், கையெழுத்துப் போட்டது கம்பெனி. உடைந்தால் கம்பெனி பொறுப்பு. பரிசோதனை செய்தது, அனுமதி வாங்கியது எல்லாம் அவர்கள் தலைவலி.

ஆனாலும் அந்தக் கார்கள் பெரிய எண்ணிக்கையில் விற்கவில்லை. 2020-ல் பி.எஸ். 6 மாசு விதி வந்ததோடு அவை நின்றுபோயின. கூட்டும் முடிந்தது. இன்று பழைய கார் சந்தையில் ஒரு ஜே.டி.பி. வந்தால் கார் பிரியர்கள் தேடிப்போய் வாங்குகிறார்கள். புதிதாகக் கிடைத்தபோது வாங்கத் தயங்கினோம், இப்போது ஏங்குகிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

வாரண்டி என்பது வாங்கியவருக்கும் கம்பெனிக்கும் உள்ள விவகாரம். ரோட்டில் இறங்கினால் அரசாங்கமும் உள்ளே வருகிறது. பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். பைக்குகளில் மாற்றிய சைலன்ஸர்களைக் கழற்றி, வரிசையாக அடுக்கி, போலீஸார் ரோடு ரோலர் ஏற்றும் வீடியோக்கள் எல்லோர் போனுக்கும் வந்திருக்கும்.

எல்லா மாற்றத்துக்கும் தடை என்பதும் இல்லை. வண்ணம் மாற்றலாம், ஆனால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கேஸ் கிட் பொருத்தலாம், அதையும் ஆர்.சி.யிலும் இன்ஷூரன்ஸிலும் ஏற்ற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் தாங்கள் ஓட்ட வசதியாக வண்டியை மாற்றிக்கொள்ளவும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

இன்ஷூரன்ஸும் அப்படித்தான். மாற்றியதைச் சொன்னால் பிரீமியம் கூடலாம். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு கிளெய்மில் சிக்கல் வரலாம். அது 1 லட்சத்து 60 ஆயிரத்தோடு நிற்கிற சிக்கலாக இருக்காது.

வாங்கியவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. சீட் கவர் மாற்றியதற்காக இன்ஜின் வாரண்டியை மறுத்தால் அது அநியாயம். அமெரிக்காவில் 1975-லேயே இதற்கு மேக்னூசன் - மாஸ் என்று ஒரு வாரண்டிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெளியில் வாங்கிய பாகத்தைப் பொருத்திவிட்டார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். இந்தியாவில் வாரண்டிக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆனால், சம்பந்தமில்லாத காரணத்தைச் சொல்லி மறுத்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். போகிறவரிடம் மறைத்த விஷயம் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

நளன் வைக்க மறுத்தது

இந்தப் பேச்சு அந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. சில நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், சில நாள் வாசல் திண்ணையில். “வண்டிய வாங்கிட்டு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா எப்படி?” என்று அம்மா இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

திருநள்ளாற்றுக்காரர்களுக்கு நளன் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சனியின் பிடியில் நாடிழந்து, காட்டில் அலைந்து, கடைசியில் இங்கே குளித்து விமோசனம் பெற்றவன் என்பது ஊர் நம்பிக்கை. தினமும் நள தீர்த்தத்தில் முழுகுகிறவர்கள் அந்தக் கதையை நினைத்துத்தான் முழுகுகிறார்கள். காரில் வரும் பயணிகளுக்கு அப்பா 30 வருடம் அதைச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பிடித்த இடம் தேரோட்டுகிற இடம். உருமாறிய நளன், வாகுகன் என்ற பெயரில் ஒரு ராஜாவுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். போகிற வேகத்தில் ராஜாவின் மேலாடை நழுவி விழுகிறது. எடுக்கச் சொல்லி ராஜா வாயைத் திறப்பதற்குள் தேர் எத்தனையோ காதம் தாண்டிவிடுகிறது. இதைச் சொல்லும்போது ஸ்டீயரிங்கில் ஒரு தட்டு தட்டுவது அப்பாவின் வழக்கம். அவருக்கும் வேகம் பிடிக்கும்.

ஒருநாள் அவர் அந்தக் கதையின் வேறொரு இடத்தை மகனிடம் எடுத்தார். சூதாட்டம்.

“நளன் எல்லாத்தையும் வெச்சான். பொன்ன வெச்சான், நாட்ட வெச்சான். எல்லாம் போச்சு. கடைசில புட்கரன் என்ன சொன்னான்? தமயந்திய வைன்னான். அப்ப நளன் எந்திரிச்சுட்டான். அவ்வளவு கெட்ட நேரத்துலயும் அவனுக்கு அது தெரிஞ்சுது. தன்னோடத வெச்சு ஆடலாம். கூட இருக்கறவங்கள வெச்சு ஆடக் கூடாது.”

மகன் சிரித்துவிட்டார். “ஒரு ரீமேப்புக்கு இவ்வளவு பெரிய கதையாப்பா?”

“கதை பெருசுதான். கணக்கு சின்னது. இந்த லோன்ல என் கையெழுத்து இருக்கு. உங்கம்மாவ 3 மாசத்துக்கு ஒருக்கா கண்ணு பாக்க பாண்டிக்கு இந்த வண்டிலதான் கூட்டிட்டுப் போறோம். சுமார் 130 கிலோமீட்டர். நடுவுல எங்கியாவது நின்னு போச்சுன்னா, சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டா அவன் வந்து தூக்கிட்டுப் போவான். இன்னிக்கு நமக்கு இருக்கற நிம்மதி அதுதான். அத 28 குதிரைக்கு விக்கலாமான்னு நீயே பாரு.”

அன்றிரவு மகன் ஒரு தாளில் கணக்குப் போட்டார். வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். இப்போது ஓடியிருப்பது 6,000 கிலோமீட்டர். மிச்சம் 31 மாதம். லோனில் மிச்சம் 79 தவணை. கையில் இருக்கும் அவசரச் சேமிப்பு 40,000 ரூபாய். கிளட்ச் போனால் ஒரு லட்சத்துக்கு மேல். டர்போ போனால் அதற்கும் ஒரு பெரிய தொகை. இரண்டில் எது போனாலும் அடுத்த மாதத் தவணை யார் தலையில் விழும் என்பதைத் தாளில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டார். அவர் ஓட்டும் ரோடுகள் எவை? காரைக்கால் வரைக்கும் சில கிலோமீட்டர், வேலைக்குப் போகவர. அறுவடை சமயத்தில் டெல்டா ரோடுகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். சனிக்கிழமையென்றால் ஊருக்குள் கார் நகரவே நகராது. இப்போது இருக்கிற 120 குதிரைகளுக்கே அங்கே வேலை இல்லை. எப்போதாவது நெடுஞ்சாலையில் ஓவர்டேக் எடுக்கும்போது மட்டும் அந்த 28 உதவும். அதற்கு இப்போது இருப்பதே போதும் என்று அவருக்கே தெரிந்தது.

ஆனால், ஆசை கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. “எனக்கு இன்னும் வேணும்போலத்தான் இருக்குப்பா” என்றார்.

“இருக்கட்டும். வயசு அப்படி. வாரண்டி முடியட்டும். கைல காசு சேத்து வை. எந்த ட்யூனர், என்ன மேப், என்ன மாத்துறான்னு எழுதி வாங்கு. இன்ஷூரன்ஸ்ல சொல்லு. அப்புறம் பண்ணு. நானே வந்து டார்ச் புடிக்கிறேன்.”

மாற்ற நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை

அந்தத் தாளில் மகன் எழுதி வைத்த கேள்விகள், இதே யோசனையில் இருக்கும் எந்த வீட்டுக்கும் உதவும்.

வாரண்டி புத்தகத்தில் ‘இவற்றுக்குப் பொருந்தாது’ என்ற பக்கத்தைப் படித்தாயிற்றா? எதை மாற்றினால் எந்தப் பாகத்தின் வாரண்டி போகும் என்பது அங்கேதான் இருக்கும். கூடுதல் ஹாரன், விளக்கு பொருத்த வயரை வெட்டினால்கூட மின்சாரப் பாகங்களின் வாரண்டி போகலாம். வயரை வெட்டாமல், கம்பெனி கொடுக்கும் கப்ளரில் மாட்டும் வகை கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கம்பெனியே விற்கும் ஆக்ஸசரியில் நீங்கள் நினைப்பது இருக்கிறதா? இருந்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அதுவே லாபம்.

ட்யூனர் எழுத்தில் என்ன தருகிறார்? “ஒண்ணும் ஆகாது சார், நான் இருக்கேன்” என்பது வாரண்டி அல்ல.

பழுதானால் கட்டும் பணம் இன்றைக்கே தனியாக இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஆபத்தை ஏற்பது நீங்களா, உங்கள் வீடா?

மாற்றியதை சர்வீஸ் சென்டரில், இன்ஷூரன்ஸில், வீட்டில், நாளை காரை வாங்குபவரிடம் சொல்ல முடியுமா? இந்த நாலு பேரில் ஒருவரிடமாவது மறைக்க வேண்டியிருந்தால், அந்த மாற்றத்தைத் தள்ளிப் போடுவது நல்லது.

வேகம்தான் ஆசையென்றால், அதற்குரிய இடம் இருக்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயும் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கும் அதற்காகவே கட்டப்பட்டவை. அங்கேயும் சொந்தக் காரை இறக்கும் முன் வாரண்டி புத்தகத்தைப் பார்க்க வேண்டும். போட்டிக்கோ ரேஸ் ட்ராக்குக்கோ கொண்டுபோனால் பொறுப்பில்லை என்று பல கம்பெனிகள் எழுதியிருக்கும்.

ட்யூனருக்குக் கொடுக்க வைத்திருந்த 30,000 ரூபாயை மகன் அவசரச் சேமிப்போடு சேர்த்துவிட்டார். அது இப்போது 70,000. மாதாமாதம் கொஞ்சம் போட்டுக்கொண்டு வருகிறார். 31 மாதம் கழித்தும் அந்த 28 குதிரைகள் வேண்டும் என்று தோன்றினால், கொடுக்க அவரிடம் சொந்தக் காசு இருக்கும். உடைந்தாலும் தாங்கும். ஒருவேளை அதற்குள் கல்யாணம் ஆகி, அந்தப் பணம் வேறு எதற்காவது போகலாம். அதற்கும் அவர் தயாராகத்தான் இருக்கிறார்.

நண்பர்கள் கிண்டல் செய்யாமல் இல்லை. “ஸ்டாக்கா வெச்சு ஓட்டறதுக்கு எதுக்குடா டர்போ வாங்குன?” என்கிறார்கள். மயிலாடுதுறை நண்பர் மட்டும் அப்படிக் கேட்பதில்லை.